வட்டம் இல்லாத குழாய்கள்

துவாக்குடி ஷெட்டின் கூரை ஓட்டைகள் வழியே வெயில் கொதிகலன் குழாய்கள்மேல் குத்தி நிற்கிறது. அனுசுயா ஒவ்வொரு குழாயாகக் குனிந்து சாக்பீஸ் வட்டத்தைத் தேடுகிறாள். சந்தேகமான பற்றவைப்பை வெல்டரே வட்டமிட்டுக் காட்டுவதும், தர ஆய்வாளரான அவள் அதைப் புகாராக்காமல் திருத்த விடுவதும் இங்கே வழக்கம். எல்லாவற்றையும் சோதிக்க ஓர் ஆளால் ஆகாது. வட்டத்தை நம்பித்தான் லாரி கிளம்பும். இன்று ஒரு வட்டம்கூட இல்லை.

“ஒண்ணுமே இல்லையாண்ணே?”

“எல்லாம் சுத்தமா இருக்குங்க மேடம்,” என்கிறார் வெல்டர்களில் மூத்தவரான ராசப்பன். வியர்வை அவர் மோவாயில் சொட்டாமல் தொங்குகிறது. கைக்கு எட்டிய குழாயில் அவள் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, அதன்மேல் வெள்ளைப் பூச்சைத் தெளிக்கிறாள். விரிசல் இருந்தால் சாயம் மேலே கசியும். வெள்ளை உலர்கிறது. ராசப்பனின் கண் அதில் ஓரிடத்தை விட்டு நகராமல் நிற்பதை அவள் பார்க்கிறாள். அவர் பார்க்கும் அதே இடத்தில், மயிரிழை போல, சிவப்பு எழுகிறது.

“வட்டம் போட்டவனையெல்லாம் புது மேனேஜர் வேலையை விட்டு நிறுத்திட்டாருங்க. அப்புறம் எவன் போடுவான்?”

“எப்பலேருந்துண்ணே போடறதில்லை?”

அவர் அந்த விரிசல்மேல் கிரைண்டரை ஓட விடுகிறார். பொறி பறக்கிறது. வட்டங்கள் மாதக்கணக்காகவே குறைந்துகொண்டு வந்தன. போன வாரம் லாரி கிளம்பியபோது ஒன்றே ஒன்றுதான். வேலை தேறிவிட்டதென்று பூரித்துப்போய், ஷெட்டுக்கே டீ வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.