வண்டிக்கடை மாப்பிள்ளை

"பொண்ணு வூட்டுக்காரங்களை ரோட்ல நிக்க வெச்சு விருந்து போடறவனுக்கா நம்ம பொண்ணைக் குடுக்கணும்?"

ஆட்டோ கெளம்பறதுக்குள்ளயே கைலாசம் ஆரம்பிச்சுட்டாரு.

"மெதுவா பேசுங்க. ஆட்டோக்காரரு சிரிக்கறாரு பாருங்க." கிருஷ்ணவேணி புருஷனை முழங்கையால ஒரு இடி இடிச்சா.

விஷயம் இதுதான். நாளைக்கு அவங்க பொண்ணு ஜெயப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வூட்டார் மண்டபமே புடிச்சிட்டாங்க. மாப்பிள்ளை பிரேம்நாத், ஒரகடத்துல கார் கம்பெனி இன்ஜினியர். "நிச்சயத்துக்கு முன்னாடி உங்க எல்லாருக்கும் என்னோட ட்ரீட் மாமா. மெக்சிகன் சாப்பாடு"ன்னு கூப்பிட்டிருந்தான். காந்தி ரோட்டுல புதுசா தொறந்த பெரிய மெக்சிகன் ஓட்டலுக்குத்தான்னு ஜெயப்ரியா புதுச் சுடிதாரை இஸ்திரி போட்டு வெச்சிருந்தா. சாயங்காலம் போன் வருது.

"அங்க வேணாம் மாமா. ரங்கசாமி குளத்தாண்ட தன்வீர் பாய் வண்டி போட்டிருக்காரு. சிம்பிளா இருக்கும். எனக்கு அதான் புடிக்கும்."

சிம்பிளாம்! கைலாசம் ஜரிகை வியாபாரி. உரசிப் பாக்காம ஒரு இழை வாங்க மாட்டாரு. மாப்பிள்ளையை மட்டும் விட்டுடுவாரா? மகளோட போனை வாங்கித் துருவினாரு. கெடைச்சுது ஒரு போட்டோ. அதே பெரிய ஓட்டல். கண்ணாடி விளக்கு, வெள்ளைத் துணி விரிச்ச மேஜை, நடுவுல பிரேம்நாத், சுத்தி சிநேகிதனுங்க. கீழ, 'எனக்கு ரொம்பப் புடிச்ச இடம்'னு வேற எழுதி வெச்சிருக்கான்.

"பாத்தியா? சிநேகிதனுங்களுக்கு ஏசி. மாமனாருக்கு பிளாட்பாரமா?"

"எனக்கும் கஷ்டமாத்தான்பா இருக்குது. ஆனா அவரு அப்டிப்பட்டவரு இல்லப்பா." ஜெயப்ரியா போனைத் திருப்பி வாங்கிக்கினா.

"நீ சும்மா இரு. ஒண்ணு அவன் கஞ்சனா இருக்கணும். இல்லன்னா நம்மகிட்ட எதையோ மறைக்கறான். மூஞ்சிக்கு நேரா கேக்கத்தான் போறேன். பதில் சரியில்லன்னா நாளைக்குத் தட்டு மாத்தறது கெடையாது, ஆமா!"

சொல்லிக்கினே, தோள்ல கெடந்த துண்டை இழுத்து வலது கையை மூடிக்கினாரு.

எறங்கினா, தன்வீர் பாய் வண்டியாண்ட நல்ல கூட்டம். பிரேம்நாத் ஓடி வந்தான்.

"வாங்க மாமா, வாங்க அத்தை." இருந்த ஸ்டூலையெல்லாம் தொடச்சுப் போட்டான்.

ரொம்ப கும்புடறவன்தான் பெரிய கேடின்னு கைலாசம் மனசுக்குள்ள நெனைச்சிக்கினாரு.

"பாய், நாலு பரிட்டோ. ராஜ்மா, பன்னீர் வெச்சு. காரம் கொஞ்சம் தூக்கலா."

"பரோட்டாவா? அதுக்கா இவ்ளோ அலட்டல்?"

"பரிட்டோ மாமா. ரொட்டிக்குள்ள சாதம், ராஜ்மால்லாம் வெச்சு சுருட்டித் தருவாங்க."

"எனக்கு வேணாம்பா. வயிறு சரியில்ல."

இந்த வயிறு சமாச்சாரத்தைச் சொல்லியே ஆகணும். அவரு வயித்துக்கு ஒரு கேடும் இல்ல, கல்லைத் தின்னாலும் செரிக்கும். போன வருஷம் வாதம் வந்துட்டுப் போனதுல வலது கை வெரல் மடங்காமப் போச்சு. வூட்டுல பீச்சாங்கையாலதான் சாப்பிடறாரு. வெளியில? இலையில பீச்சாங்கையை வெச்சா நாலு பேரு பாப்பாங்களே! அதனால கல்யாணம், காதுகுத்து எங்க போனாலும் பந்தி நேரத்துக்கு அவருக்கு வயிறு சரியில்லாமப் போயிடும். பிரேம்நாத் வூட்டுக்குப் போனப்பவும் கேசரியைத் தள்ளி வெச்சுட்டு, காபியை மட்டும் குடிச்சிட்டு எழுந்து வந்தவருதான். சம்பந்திக்குத் தெரிஞ்சா மானம் போச்சேன்னு, கையைத் துண்டுக்குள்ளயே வெச்சு ஒப்பேத்திட்டாரு.

"ஒரே ஒரு வாய் பாருங்க மாமா."

பிரேம்நாத் காயிதம் சுத்தின பரிட்டோவை அவரோட எடது பக்கமா வந்து நீட்டினான். எடது கை தானா வாங்கிக்கிச்சு.

கைலாசம் சுத்திப் பாத்தாரு. காலேஜ் பசங்க, புடவைக் கடைப் பொண்ணுங்க, ஒரு போலீஸ்காரரு கூட நின்னாரு. எல்லாரும் ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு கடிச்சிக்கினு இருந்தாங்க. யாரும் யாரையும் பாக்கல. பசி வேற. வலது கையைச் சும்மா முட்டுக் குடுத்துக்கினு ஒரு கடி கடிச்சாரு. அடேயப்பா! மொளகா சுருக்குன்னு ஏறிச்சு. மளமளன்னு முழுசையும் முடிச்சிட்டாரு.

கிருஷ்ணவேணி தன்னோடதைச் சாப்பிடாம புருஷனையே பாத்துக்கினு இருந்தா. கண்ணு கலங்கியிருந்துது. "காரம்"னு சொல்லித் தொடச்சிக்கினா.

வயிறு நெறைஞ்சா சந்தேகம் தீந்துடுமா? கைலாசம் மாப்பிள்ளையைத் தனியா தள்ளிக்கினு போனாரு.

"தம்பி, மறைக்காம சொல்லணும். அந்தப் பெரிய ஓட்டல்தான் உனக்குப் புடிச்ச இடம்னு போட்டோ சொல்லுது. எங்களுக்கு மட்டும் ஏன் வண்டிக்கடை?"

பிரேம்நாத் முழிச்சான். பொம்பளைங்களுக்குக் கேக்குதான்னு ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டு, அவரு காதாண்ட குனிஞ்சான்.

"அங்க தட்டுல கத்தியும் முள்கரண்டியும் வெப்பாங்க மாமா."

கைலாசம் தன்னோட வலது கையைக் குனிஞ்சு பாத்தாரு. கையை மூடியிருந்த துண்டு நழுவிக் கீழ விழுந்துது. பிரேம்நாத் அதை எடுத்து ஒதறி, அவரு கை மேல போடாம தோள்ல போட்டான்.

"தன்வீர் பாயை நாளைக்கு மண்டபத்துக்கே வரச் சொல்லிட்டேன். எங்க ஆளுங்க அத்தனை பேரும் ரெண்டு கையாலதான் சாப்பிடப் போறாங்க. நாளைக்கும் வயிறு சரியில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா."