பெயருக்கு முன்னால்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் மகள் சங்கரவடிவு, என் தம்பி பிறவிப்பெருமாள். சுவரில் மாலையோடு என் மனைவி ஆவுடையம்மாள்.

மேஜைமேல் ஒரு தாள்.

கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப். என் மகன் கைலாசத்தின் பெண்ணுக்குக் கல்யாணம்.

என் மகன் என்று அவனை எழுதுவது இருபத்தாறு வருடத்தில் இதுவே முதல் தடவை.

வேறு சாதியில் கட்டினான். அன்றே ஆற்றுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தேன். எனக்குப் பெண் ஒன்றுதான், பையன் இல்லை என்று ஊரில் சொன்னேன். ஊர் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் குடும்பம் சொன்னால் சொன்னதுதான்.

தாளின் நடுவில் என் பெயர் இருந்தது.

'லேட் உலகநாதன் – லேட் ஆவுடையம்மாள் ஆகியோரின் பேத்தி.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன்.

முப்பத்தெட்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். அந்த வார்த்தையை என்னளவுக்கு இந்த ஜில்லாவில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பாசஞ்சர் பன்னிரண்டு நிமிடம் லேட். கூட்ஸ் இரண்டு மணி லேட். மழைக்காலத்தில் எல்லாமே லேட். பக்கத்தில் எப்போதும் ஓர் எண் இருக்கும். எவ்வளவு லேட்டான வண்டியும் கடைசியில் வந்துசேரும்.

இங்கே எண் எதுவும் இல்லை.

வீட்டிலும் அந்த வார்த்தை புழங்கிக்கொண்டுதான் இருந்தது. கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் பிறந்தவன் கைலாசம். அவனை நான் அதட்டும்போதெல்லாம் ஆவுடை குறுக்கே வருவாள். லேட்டாக வந்த பிள்ளை, விடுங்கள் என்பாள்.

நான் விட்டதில்லை.

நடந்ததை வடிவு சொன்னாள். கைலாசம் அம்மாவின் பெயருக்கு முன்னால் மட்டும்தான் லேட் என்று எழுதிக் கொடுத்தானாம். பிரஸ்காரன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான். தாத்தா பாட்டி வரி என்றால் அவன் கை பழக்கத்தில் அப்படித்தான் போகும்.

கைலாசம் அதை அங்கேயே அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அப்படியே அவளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அப்பா கையால் அடித்துக் கொடுக்கட்டும், மறுநாளே பெண்ணோடு வந்து தாம்பூலம் வைத்து அழைக்கிறேன் என்றானாம்.

பிறவிப்பெருமாள் தாளை எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, உசுரோட இருக்கையில இப்பிடி அச்சுல வந்தா நூறு வயசும்பாவ. பிரஸ்காரனுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுக்கணும்."

அவனே சிரிக்கவில்லை.

வடிவு பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள்.

"ஒரே ஒரு கோடுப்பா."

நான் சுவரைப் பார்த்தேன்.

ஆவுடை போனது பதினோரு வருடத்துக்கு முன்னால். மாலை நான்கு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தோம். கைலாசம் நாக்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். வண்டி லேட்.

எவ்வளவு லேட் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. நானே கன்ட்ரோலுக்குப் போன் செய்து கேட்டேன். கோவில்பட்டி தாண்டியாகிவிட்டது என்றார்கள். இன்னும் நாற்பது நிமிடம்.

ஒரு கல்யாணக் கோஷ்டிக்காக வண்டியை ஆறு நிமிடம் நிறுத்திவைத்து, மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவன் நான்.

நான்கு மணிக்கு எடுக்கச் சொன்னேன்.

கொள்ளியும் நானே வைத்தேன். அவன் சுடுகாட்டுக்கு வந்தபோது பார்க்க அவள் முகம் இல்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். ஸ்டேஷனுக்கே திரும்பிப் போய்விட்டான்.

அவன் கேட்டிருக்கலாம்.

பேனாவை வாங்கினேன்.

என் பெயருக்கு முன்னால் ஒரு கோடு போட்டால், நான் அவனுக்கு அப்பா. அப்பா என்றால் அந்த நாற்பது நிமிடத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அவன் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

முகூர்த்தத் தேதிக்கு எதிரில் புதன்கிழமை என்றிருந்தது. அந்தத் தேதி வியாழக்கிழமை. புதனை அடித்து வியாழன் என்று எழுதினேன்.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன்.

வடிவு காத்திருந்தாள். நான் இன்னொரு தடவை பேனாவை எடுப்பேன் என்று நினைத்தாள்போலும். பிறகு தாளை மடித்தாள். மடிப்பு என் பெயர்மேல் விழாதபடி தள்ளி மடித்தாள்.

"அம்மா இருந்தா கிழவர் கையப் பிடிச்சுக் கோடு போட்டிருப்பா, சித்தப்பா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்ட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆயிரம் பத்திரிகை அச்சாயிற்று. உறவில் எல்லா வீட்டுக்கும் வந்தது. தெருவில் சிலர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்து, என்ன பிள்ளை வளர்த்தீர்கள் என்று கைலாசத்தை ஏசினார். அவரை நான் வெளியே போகச் சொன்னேன்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு எதிரே நான் நின்றுகொண்டு அழுததாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது.

அது தவறு.

நான் நிற்கவில்லை. அங்கே டீக்கடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள்.