அம்மாவின் போனில் இருந்த படகு

“ஐயோ, படகைக் காணேல்லை!”

அம்மா போட்ட சத்தத்தில், வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த அத்தனை கைகளும் நின்றுவிட்டன.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் கடலைப் பார்க்கவில்லை. சொப்பிங் பைக்குள் சுற்றி வைத்திருந்த தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படகை நேற்றுத்தான் நான் அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சின்ன ஐகன். படகு நீலத் தண்ணீரில் நின்றால் அப்பா கடலில். அப்பாவின் போன் கரையை நெருங்கியதும் ஐகன் தானாக மாறும். படகு மணலில் ஏறி நிற்கும்.

அம்மா எந்த ஆப்பையும் திறந்து பார்க்கிற ஆள் இல்லை. மெசேஜ் வந்தாலும் போன் கொம்பனிக்காரன் என்று தள்ளிவிடுவார். ஆனால் அப்பா கடலுக்குப் போனால், மணி பார்ப்பதைச் சாட்டாக வைத்து போனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால்தான் சேதியை ஐகனிலேயே வைத்தேன்.

கிளிநொச்சியில் என்னோடு ஆப் எழுதும் வேலை செய்கிறவர்கள், ஐகனைப் போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தார்கள். எங்கள் அம்மாவைத் தெரியாதவர்கள்.

நான் எழுதியது ஒரே கோட்தான். ஐபோனிலும் ஓடும், அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பிய என் ஐபோனில் எத்தனையோ தடவை மாற்றிப் பார்த்துவிட்டேன். மாறிய ஒவ்வொரு தடவையும் கதிரையிலிருந்து துள்ளினேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக நிஜக் கடல், நிஜ அப்பா.

அந்த நிஜ அப்பா இன்னும் வந்து சேரவில்லை. கூடப் போன படகுகள் எல்லாம் எங்கள் அளம்பில் ஊர்க் கரையில் ஏறிவிட்டன. காற்று வேறு எழும்பியிருந்தது. நான் குட்டி போட்ட பூனை மாதிரி மணலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். பாதி பயம், பாதி ஐகன் மாறுமா என்கிற ஆவல்.

அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்துப் பார்த்தேன். படகு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தண்ணீரிலும் இல்லை, மணலிலும் இல்லை.

அதற்குள் சூசையம்மா மாமி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. எங்கள் கரையில் அப்படித்தான். அழுகுரல் கேட்டால் முதலில் கூடச் சேர்ந்து அழுவார்கள், ஆள் யாரென்று பிறகு ஆறுதலாகக் கேட்பார்கள்.

பின்னால் வந்தவர்களும் கையில் ஒட்டிய மீன்செதிலோடு கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ மாதா கோயிலுக்கு ஓடி, துக்க மணியை அடிக்கவே தொடங்கிவிட்டார்கள்.

நான் என் ஐபோனில் இருந்த அதே ஆப்பைத் திறந்தேன்.

திறந்த உடனேயே ஒரு பெட்டி வந்து நின்றது. ஐகன் மாற்றப்பட்டுவிட்டதாம். ஐபோன் சொல்லாமல் கொள்ளாமல் ஐகனை மாற்றாது. ஓகேயை அமத்திவிட்டு வெளியே வந்தேன். படகு ஜம்மென்று மணலில் ஏறி நின்றது.

அம்மாவின் போனைத் திரும்ப எடுத்து, எல்லா ஆப்பும் இருக்கிற உள்பக்கத்தைத் தள்ளித் தள்ளித் தேடினேன். அங்கேயும் படகு மணலில்!

அப்போதுதான் விளங்கியது. ஐபோன், ஐகனை இருந்த இடத்திலேயே மாற்றிவிடும். அம்மாவின் அன்ட்ரொயிட் போன் பழைய ஐகனை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, புதியதைக் கொண்டுபோய் உள்ளே போட்டுவிட்டது. அதில் நான் சோதித்தே பார்க்கவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. இப்போது படகு வந்துவிட்டது! என் ஆப் வேலை செய்கிறது!

“அம்மா, அப்பா கிட்ட வந்திட்டார்! வந்தபடியாத்தான் அது காணாமப் போனது!”

தலைகால் தெரியாத சந்தோஷம். மணலில் குதித்தேன், கைதட்டினேன், சிரித்தேன்.

“பாவம், பிள்ளைக்கு அறிவு பேதலிச்சுப் போச்சு” என்று சூசையம்மா மாமி என்னையும் இழுத்து அணைத்து, இன்னும் பெரிதாக அழுதார்.

மூச்சு முட்ட, மாமியின் தோளுக்கு மேலால் கடலைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது படகானது. எஞ்சின் இருமி இருமி வந்தது. அதுதான் இவ்வளவு தாமதம். நான் கையை நீட்டிக் கத்தினேன். அழுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

கோயில் மணி கடலுக்கும் கேட்டிருக்கவேண்டும். படகு கரை தட்டுமுன்பே அப்பா தண்ணீரில் குதித்துவிட்டார். இடுப்பில் கட்டிய சாரத்திலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, மணலில் விழுந்தெழும்பி ஓடிவந்தார்.

அவரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், முகத்தைப் பொத்திக் குனிந்திருந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து, எல்லோரையும்விடப் பெரிய குரலில் அழத் தொடங்கினார். நன்றாக அழுத பிறகுதான் அம்மாவின் காதுக்குள் கேட்டார்.

“ஆரப்பா போனது?”

“என்ரை மனுசன்” என்றார் அம்மா, நிமிராமலே.

அப்பாவின் அழுகை சட்டென்று நின்றது.

அம்மா மெல்லக் கையை எடுத்துவிட்டு, தன்னைக் கட்டிப்பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அம்மா உண்மையாக அழத் தொடங்கினார்.