ஐம்பத்தைந்து நிமிடம்

ஓடுபாதையின் நடுவே ஓர் ஆமை போய்க்கொண்டிருந்தது. கிளம்பத் தயாராக நின்ற விமானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய், வழியை விடு! நான் நானூற்றைம்பது கிலோமீட்டர் பறக்கணும். ஐம்பத்தைந்து நிமிஷத்துல அடுத்த ஊர் விமான நிலையத்துல இறங்கியாகணும்."

ஆமை கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

"எனக்கும் ஐம்பத்தைந்து நிமிஷம்தான் தம்பி. இந்தப் பக்கக் குட்டை வத்திப்போச்சு, அந்தப் பக்கக் குளத்துக்குப் போறேன். நீங்க தார் ஊத்துறதுக்கு முன்னாடியிருந்தே இது எங்க பாதை."

"ஓடுபாதைக்குக் குறுக்கே நாற்பத்தைந்து மீட்டர் போறதுக்குப் பேரு பயணமா?"

அதற்குள் ஜீப்பில் வந்த ஊழியர் ஒருவர் ஆமையைத் தூக்கி, வற்றிய குட்டையின் கரையிலேயே திரும்ப விட்டுவிட்டுப் போனார். விமானம் சிரித்துக்கொண்டே மேலே எழும்பியது.

"சிரி, நல்லாச் சிரி" என்றபடி ஆமை மறுபடியும் ஓடுபாதையை நோக்கித் திரும்பியது.

அடுத்த ஊரில் பேய்மழை. விமானம் வானத்தில் வட்டமடித்து வட்டமடித்துப் பார்த்தது. இறங்க அனுமதி கிடைக்கவில்லை. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து இறங்கியது.

ஓடுபாதையின் மறுபக்கம், ஆமை குளத்தில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டிருந்தது. விமானம் பார்க்காததுபோல் நகரப் பார்த்தது.

"என்ன தம்பி, உன்னையும் கிளம்பின இடத்துலயே கொண்டுவந்து விட்டுட்டாங்களா?"

விமானம் மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"ஒரு தடவைக்கே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி? என்னை ஆறு தடவை விட்டாங்க. இது ஏழாவது நடை."

ஆமை தண்ணீருக்குள் இறங்கியது.