இருபத்தோராவது சீர்த்தட்டு

பரணிதரன் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான்கு கரண்டிகளும் ஒரு மத்தும் சமையல் மேடையில் உருண்டன.

மலர்கொடிக்கு முகம் கூசியது. மகள் அபிநயாவுக்கு நிச்சயம் பேச வந்திருக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பா அவர். சென்னையில் ஏதோ மியூசியத்தில் பழைய கண்ணாடிச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். கை கழுவ வந்தவர் கண்ணில் வீட்டில் வேறு எதுவும் படாமல், கரண்டி போட்டுவைக்கும் இந்தச் சிவப்புக் கண்ணாடி ஜாடிதான் படவேண்டுமா?

"அது என் மருமவளோட அப்பா கொண்டாந்த சீருங்க. பொருட்காட்சியில வளையம் போட்டு ஜெயிச்சிருப்பாரு," என்றாள் மாமியார் பொன்னம்மாள், கூடத்துக்கும் கேட்கிற குரலில்.

இருபத்து நான்கு வருடத்துக் கேலி அது. கேட்டுக் கேட்டு மலர்கொடிக்குக் காது மரத்துவிட்டது. ஆனால் இன்று கூடத்தில் சம்பந்திகளோடு அப்பா பெரியசாமியும் உட்கார்ந்திருந்தார். குன்னத்திலிருந்து ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு காலை பஸ்ஸில் வந்திருந்தார்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வரவேண்டும். மலர்கொடியின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எண்ணினால் இருபதுதான் தேறியது. அப்பா அன்று சாயங்காலம் வெளியே போய், பழைய வேட்டியில் சுற்றி இந்த ஜாடியைக் கொண்டுவந்தார். கடையில் வாங்கினேன் என்றார்.

இந்த அரியலூர் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மாமியார் வாய்க்குப் பயந்துதான் என்று மலர்கொடி நினைத்திருந்தாள்.

பரணிதரன் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரல் நகத்தால் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை தடவினார். அச்சில் வார்த்த கண்ணாடிக்கு இருக்கும் மூட்டுக்கோடு எங்கும் தட்டவில்லை. கண்ணாடிக்குள் கடுகளவு குமிழிகள் நின்றன.

அப்புறம் அடிப்பாகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழசாக இருக்கட்டும் என்று மலர்கொடி கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொண்டாள். அப்பா ஒரே ஒரு தடவை இந்த வீட்டில் நிமிர்ந்து உட்காரட்டும். வேறெதுவும் வேண்டாம்.

"இதோ, நடுவுல சொரசொரன்னு ஒரு தழும்பு இருக்கு பாருங்க. வாயால ஊதிச் செஞ்சு, புடிச்சிருந்த இரும்புக் கம்பியிலேருந்து ஒடிச்சு எடுத்த எடம். இந்தச் செவப்புக்குத் தங்கம் கலந்திருப்பாங்க. நூத்தி இருபது வருசத்துக்குக் கொறையாதும்மா."

பொன்னம்மாள் ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கினாள். அடுத்த நிமிடம் முந்தானையால் ஜாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

மலர்கொடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடத்துக்கு ஓடி, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சமையலறை வாசலோடு அவர் நின்றுகொண்டார்.

"ஐயா, இதெல்லாம் அந்தக் காலத்துல கப்பல்ல வந்து பெரிய பங்களாவுல இருந்த சாமான். கடையில வராதே. எங்க புடிச்சீங்க?" பரணிதரன் ஆசையாகத்தான் கேட்டார்.

பெரியசாமி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கடைதாங்க. அந்தக் கடை இப்ப இல்ல."

அதை அவர் பரணிதரனைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜாடியையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

மலர்கொடி பிடித்திருந்த கையை விட்டாள்.

பொன்னம்மாள் ஜாடியைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஷோகேஸின் நடுத்தட்டில் வைத்தாள். "எங்க சம்பந்தி வூட்டுச் சீருங்க! நூத்தி இருபது வருசம்!" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். எல்லோரும் பெரியசாமியை நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் நிமிரவில்லை.

மலர்கொடிக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம்போல வெட்கமாக இருந்தது. அவள் கல்யாணச் சமயத்தில் அப்பா குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி வியாபாரியின் பழைய பங்களாவில் காவல்காரர். அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் வெள்ளைச்சாமி.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கிப்போய், வெள்ளைச்சாமி அவர்கள் வீட்டுக்கு வந்தார். பங்களாவின் சாமான் அறையிலிருந்து எதையோ காணோம் என்று அவரைக் கட்டிவைத்து அடித்திருந்தார்கள்.

"நான் எடுக்கலண்ணே. நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே," என்று அப்பாவின் காலைப் பிடித்தார்.

அப்பா காலை உருவிக்கொண்டார். "மலரு, சோறு போடு," என்றார்.

மலர்கொடிதான் போட்டாள். வீங்கிய கையால் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டார் வெள்ளைச்சாமி. "நல்லா இருப்ப பாப்பா," என்று வாழ்த்தினார். மறுநாள் விடியுமுன் ஊரைவிட்டே போய்விட்டார்.

சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்ந்து உட்கார முடியாமல் அவர் முதுகைச் சாய்த்திருந்தது, அந்த ஜாடியையும் சேர்த்துச் சீர்ச் சாமான் கட்டிவைத்திருந்த பெட்டியில்.