குட்வில் பத்து லட்சம்

“இதெல்லாம் ஒரு கம்பனியா அண்ணன்? கூரை ஒழுகுது. கேபிள் சுருளுக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு. அந்த அன்ரனாவில கருவாடு காயப்போடலாம், வேற ஒண்டுக்கும் உதவாது.”

கடையை விலை பேச வந்த கிண்ணியா ஸஹாப்தீன் ஹாஜியாருக்குக் காலையிலிருந்து இதே ஏச்சுத்தான். மூட்டை சுமந்து முதலாளியானவர். ஆட்டுக்குட்டி வாங்கப் போனாலும் தாயாட்டையும் சேர்த்துக் குறை சொல்லித்தான் வாங்குவார்.

சிவகுருநாதன் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தடியில் மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் செற், அன்ரனா, பற்றறி விற்கும் ‘ஜெயரூபி டெலிகொம்’ அவருடையது. அதை விற்றுவிட்டு லண்டனில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார்.

“நீங்க கேக்கிற நாற்பது லட்சம் எப்படி வந்தது? எலிக்கும் சேர்த்தா?”

“கடை, சாமான் எல்லாம் முப்பது. குட்வில் பத்து.”

“குட்வில்லா? அது எந்த அலுமாரியில இருக்கு? எடுத்துக் காட்டுங்க.”

ஹாஜியாரின் மகள் ரிஸ்லா கணக்கியல் படித்தவள். தலையில் கை வைத்தாள். “வாப்பா, அது சாமான் இல்ல. சனம் இந்தக் கடையில வச்சிருக்கிற மதிப்பு.”

“கண்ணால காண ஏலாது, கையால பிடிக்க ஏலாது, விலை மட்டும் பத்து லட்சம். நான் காத்துக்கும் காசு குடுக்கிறதா?”

“வயர்லெஸ் கடையில காத்துதானே ஹாஜியார் வியாபாரம்,” என்றார் சிவகுருநாதன் மெதுவாக.

“அப்ப காத்திட்டயே கேப்பம்.”

ஹாஜியார் மேசையில் இருந்த செற்றை இழுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குரலை மாற்றினார்.

“ஹலோ, கடல்ல நிக்கிற எல்லாருக்கும். நான் கொழும்புக் கம்பனிக்காரன். ஜெயரூபி டெலிகொம்மை வாங்கப் போறன். ஆள் எப்படி, கடை எப்படி?”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு திரியாய் ஊர் மீனவர் ஒருவரின் குரல்.

“கொழும்புக்காரருக்குக் கிண்ணியாத் தமிழ் நல்லா வருது. வாங்கிப்போடாதீங்க. சரியான கரைச்சல் பிடிச்ச மனிசன். செற் திருத்தக் குடுத்தா, தேத்தண்ணி குடிக்காமல் வெளியில விடமாட்டார்.”

அடுத்தது ஒரு மூதூர்க் குரல். “புது செற் வாங்கப் போனன். பழசே போதும் எண்டு துரத்திப்போட்டார். இவரெல்லாம் ஒரு யாவாரியா?”

மூன்றாவது ஆள் எங்கே நின்றார் என்று தெரியவில்லை. குரல் மட்டும் பெரிது. “காத்துக் கூடின நாளில, கரைக்கு வா, கரைக்கு வா எண்டு கத்திக் கத்தியே காதைச் செவிடாக்கிறவர். அந்தக் கடையை ஆரும் வாங்கத் தேவையில்ல. அவர் அந்தக் கதிரையிலயே கிடக்கட்டும்.”

அதற்குப் பிறகு யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். கடல் முழுக்க ஏச்சு.

ரிஸ்லா எட்டிச் செற்றை நிற்பாட்டினாள்.

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். “குட்வில்லை விடுங்க ஹாஜியார். இல்லாத சாமானுக்குக் காசு வாங்க எனக்கு ஏலாது. முப்பதைத் தாங்க, போதும்.”

ஹாஜியார் காசோலை எழுதினார். ரிஸ்லா எட்டிப் பார்த்தாள். நாற்பது லட்சம்.

“வாப்பா,” என்று காதுக்குள் குசுகுசுத்தாள். “அவரே முப்பது எண்டு இறங்கிட்டார். அவ்வளவு சனம் ஏசினதைக் கேட்டீங்கதானே?”

“காலையிலயிருந்து நானும் இந்தக் கம்பனியை ஏசின ஏச்சு கொஞ்சமா மகள்?”

ஹாஜியார் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“வேணாம் எண்டோ ஏசினன்?”