மீட்டர் பார்க்க வரும் வீட்டுக்காரம்மா

தினமும் காலையில் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, கீழ்வீட்டு மீட்டரை உற்றுப் பார்ப்பார். அங்கே தனியாகக் குடியிருந்த ஓய்வுபெற்ற கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாசத்துக்கு ஒருதரம் பார்த்தா பத்தாதா? என்னைத் திருடன்னே முடிவு பண்ணிட்டாங்க!" என்று போனில் மகளிடம் பொருமினார்.

ஒருநாள் வீம்புக்கு மெயினை அணைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் குளித்தார். கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அண்ணே! அண்ணே!"

துண்டோடு வந்து திறந்தார். "என்னம்மா, மீட்டர்ல கை வெச்சுட்டேன்னு சந்தேகமா?"

வீட்டுக்காரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க ஹீட்டர் போட்டா மீட்டர் வேகமாச் சுத்தும். அண்ணன் எழுந்துட்டார்னு நிம்மதியா வேலைக்குக் கிளம்புவேன். இன்னிக்கு அது அசையவே இல்லைண்ணே..."

மறுநாள் கண்டக்டர் சீக்கிரமே குளித்து முடித்துவிட்டார். ஆனாலும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும், ஓடிப்போய் மறுபடியும் ஹீட்டரைப் போட்டார்.